ஆளுக்கு ஒரு காது

அன்புள்ள பட்டாணிக்கு, அம்மா எழுதுகிறேன்.

நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம். இத்தனை நாளும் இந்த வரியைக் கைப்பழக்கத்தில் எழுதிவந்தேன், இந்தத் தடவை ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உன் இருமல் நின்றதா, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடுகிற வழக்கத்தை விட்டாயா. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் அழுவாய், உன் குரல் உடைந்தால் நான் பேச்சை மாற்றி மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று கேட்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. அதனால் கடை விடுமுறை நாளில், மேசையைத் துடைத்துவிட்டு, நல்ல தாளாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா தூங்குகிறார். பொறுமையாகப் படி, வேலைக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் டிக்கெட் விஷயம். மாதக் கடைசிக்குள் பதிவு செய்ய வேண்டும், போய் வருகிற டிக்கெட்டா, ஒரு வழி மட்டும் போதுமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய், நானும் மூன்று தடவையும் அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். உன்னோடு வந்து இருந்துவிடப் போகிறேன் என்று ஆறு மாதமாக நச்சரித்தது நான்தான். நீயும் பாவம், ஓர் அறையைக் காலி செய்து, எனக்குப் பிடித்த நிறத்தில் திரைச்சீலைகூட வாங்கி மாட்டிவிட்டாய். அப்பா வரவில்லையா என்று கேட்டாய், அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்றேன். அது பொய், பட்டாணி. உன் அப்பாவை விட்டுவிட்டு வருவதற்காகத்தான் உன்னிடம் வரக் கிளம்பினேன். இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை, சண்டை போட்டால்கூடத் தேவலை என்கிற மாதிரி இருந்தது வீடு. இரண்டு வருஷமாக நான் எது சொன்னாலும் பாதிக்கு மேல் பதில் கிடையாது. சுவரோடு பேசுகிற கதைதான். ஒரு கட்டத்தில் நானும் நிறுத்திவிட்டேன். சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று, தண்ணீர் வந்துவிட்டது, கேஸ் தீரப்போகிறது, இவ்வளவுதான் எங்கள் பேச்சு. உன்னிடம் போனில் இரண்டு பேரும் மாறி மாறிச் சிரித்துப் பேசியதெல்லாம் உனக்காக நடத்தியது.

இப்போது நீ அனுப்பிய பார்சலுக்கு வருகிறேன். சாயங்காலம் கடையிலிருந்து வந்தால் பொழுது போகவில்லை, டிவி ரிமோட் உன் அப்பா கையோடு ஒட்டிப் பிறந்தது என்று நான் புலம்பியதற்கு, கதை பாட்காஸ்ட் கேளும்மா என்றாய். எனக்கு அந்தப் பெயர் ஏதோ இருமல் மருந்து மாதிரி இருந்தது. வீடியோவில் நீ விரலை வைத்துக் காட்டிக் காட்டி அதைப் போனில் இறக்கச் சொல்லிக்கொடுத்தாய், அடுத்த வாரம் இயர்போனும் வந்து சேர்ந்தது. வயர் இல்லாத குட்டி வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் வாரத்துக்கு ஒருவராவது ஃபிரேம் போட்டுப் பார்க்கிற அவசரத்தில் அதைக் கீழே உருட்டிவிட, கடையே மண்டி போட்டுத் தேடும். வயர் என்றால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மறுமுனை வந்துவிடும்.

ஆரம்பத்தில் நான் பண்ணாத கோமாளித்தனம் இல்லை. முதல் நாள் பட்டியலில் மேலே இருந்ததைத் தொட்டேன், மேலே இருப்பதுதானே முதல் என்று. அது கடைசிப் பகுதி. கொன்றது சித்தப்பாதான் என்று தெரிந்த பிறகு ஒன்பது பகுதி உட்கார்ந்து யார் கொன்றார்கள் என்று கேட்பதில் என்ன இருக்கிறது, இருந்தாலும் கேட்டேன், விட மனசில்லை. அடுத்த கதையில் ஒன்றரை என்று ஓர் எண் தெரிந்தது. அரை மணி நேரக் கதையை ஒன்றரை மணி நேரமாக நீட்டித் தருவார்கள்போல என்று ஆசைப்பட்டுத் தொட்டேன், பேசுகிறவர்கள் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி பேச ஆரம்பித்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் பேசும் என்று நான் பாட்டுக்கு நான்கு நாள் கேட்டேன், காதல் சொல்கிற இடத்தில் அவன் என்ன சொன்னான் என்றே புரியவில்லை, அவள் சரி என்றதை வைத்துத் தெரிந்துகொண்டேன். அப்புறம்தான் நீ அது வேகம் என்று சொன்னாய். ஒவ்வொரு கதை முடிவிலும் நட்சத்திரம் கொடுங்கள் என்று அந்தப் பெண் அவ்வளவு பணிவாகக் கேட்கிறாளே, பாவம் என்று ஒவ்வொரு தடவையும் ஐந்து கொடுத்துவிடுகிறேன். ஒன்று கண்டுபிடித்தேன், வீடு பெருக்கும்போது கேட்டால் கதை மண்டையில் ஏறுவதில்லை, துணி மடிக்கும்போது நன்றாக ஏறுகிறது. நம் வீட்டில் இப்போது மடிக்காத துணியே கிடையாது, துவைக்கத்தான் ஆள் இல்லை.

ஒரு நாள் சோபாவில் உட்கார்ந்து இப்படிக் கேட்டுக்கொண்டு நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். உன் அப்பா டிவியை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார், பேச்சுக்கு ரேஷன் போட்ட மனுஷன். எனக்கும் வீம்பு, நானும் பேசாமல் இரண்டையும் கழற்றி நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றில் எல் என்றும் மற்றதில் ஆர் என்றும் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வெட்டு இயந்திரத்தில் நின்றவரல்லவா, பெட்டிமேல் அம்புக்குறி இருந்தால் காலிப் பெட்டியைக்கூட அந்தப் பக்கம் மேலாகத்தான் வைப்பார். எல் என்றால் இடது, இடது காதில்தான் மாட்டணும் என்று தன் இடது காதில் மாட்டிக்கொண்டு, ஆர் போட்டதை என் வலது காதுக்குத் தந்தார். அவர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், வயர் இவ்வளவுதான் நீளம், ஓரத்துக் காதிலிருந்து ஓரத்துக் காதுக்கு எப்படி எட்டும். கடைசியில் இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்துக் காதுகளில் மாட்டினால் தாராளமாக எட்டும் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே.

அன்றைக்கு ஒரு புதுக் கதை ஆரம்பித்தேன், இந்தத் தடவை ஒழுங்காக முதல் பகுதியிலிருந்து. ஓர் அருங்காட்சியகத்தில் பழைய கடிகாரம் ஒன்று காணாமல் போய்விடுகிறது, அங்கே காவலுக்கு இருந்த பெண்ணை ஓர் அதிகாரி கூப்பிட்டு விசாரிக்கிறார், அவ்வளவுதான், பத்துப் பகுதியும் ஒரே அறையில் இரண்டே பேர். முதல் பகுதி முடிந்ததும் அவர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, "இவன் என்ன பைத்தியமா, காலி நாற்காலியைப் பார்த்துக் கேள்வி கேட்டுட்டே இருக்கான், ஒரு ஆளும் பதில் சொல்லலை" என்றார். நான், கேள்வி கேட்கிறவனா, அப்படி யாருமே இல்லையே, அந்தப் பெண்தான் தனியாக உட்கார்ந்து நான் எடுக்கலை, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் என்று புலம்பிக்கொண்டிருக்கிறாள், மனசு சரியில்லாதவள் போலிருக்கிறது என்றேன். "பொம்பளையே கிடையாது அதுல" என்று அடித்துச் சொன்னார். இரண்டு நாள் இதே சண்டை. எனக்குக் காது சரியில்லை என்று அவர் சொன்னார், அதை நினைத்தால் இப்போது சிரிப்பாகவும் வருகிறது, வேறு என்னவோவாகவும் வருகிறது. மூன்றாம் நாள் நான் ஒருத்தியே இரண்டையும் மாட்டிக்கொண்டு கேட்டபோதுதான் சங்கதி தெரிந்தது. நாம் அந்த அறையில் நடுவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று, அதிகாரியை முழுக்க இடது பக்கமும் அந்தப் பெண்ணை முழுக்க வலது பக்கமும் வைத்திருக்கிறார்கள். கேள்வியெல்லாம் அவர் காதுக்குப் போயிருக்கிறது, பதிலெல்லாம் என் காதுக்கு வந்திருக்கிறது.

தெரிந்த பிறகும் நாங்கள் மாற்றவில்லை. ஒரு பகுதி கேட்பது, முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அவர் கேள்வியைச் சொல்ல நான் பதிலைச் சொல்ல, கதையைக் கோர்ப்பது. நீ பார்த்திருக்க வேண்டும். "அன்னைக்கு ஜன்னலைச் சாத்தினது யாருன்னு கேட்டான், என்ன சொன்னா?" என்பார். அதற்குத்தான் அவள் இருமினாள்போல என்பேன். உடனே அவருக்குச் சந்தேகம், "இருமினாளா, எவ்வளவு நேரம்?" உன் அப்பா அந்த அதிகாரியாகவே ஆகிவிட்டார், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு என்னையே குறுக்கு விசாரணை செய்கிறார். நானும் அந்தப் பெண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல அரை மணி நேரம் பேசியது அப்போதுதான். அதுகூட எதனால் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தாவது பகுதிக்கு, எப்போதும் எனக்கு அழுகைதானா, இன்றைக்கு மாற்றிக்கொள்வோம், நான் அதிகாரியைக் கேட்கிறேன் என்றேன். சரி என்று ஆர் போட்டதை வாங்கி, விதிப்படி வலது காதில் மாட்டிக்கொண்டார். கதை ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் என் கையைத் தட்டி, "அறுந்துபோச்சு" என்றார். வாங்கி என் காதில் வைத்தேன், அந்தப் பெண் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். திருப்பிக் கொடுத்தேன், வலது காதில் வைத்தார், "இல்லை, போச்சு" என்றார். வயரை முறுக்கினார், ஊதினார், முழங்காலில் தட்டினார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி அவருடைய இடது காதில் வைத்தேன். "ம், பேசுது" என்றார். வலது காதில் வைத்தேன். "நின்னுபோச்சு" என்றார். மறுபடி இடது, மறுபடி வலது. நான்கு தடவை. அவர் இன்னும் வயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, அந்தப் பக்கம் போன் வைத்தாலும் கேட்காது, போனில்தான் கோளாறு என்று நினைத்து இந்தப் பக்கம் வைத்துக்கொள்வேன் என்று சாதாரணமாகச் சொன்னார். எத்தனை நாளாக என்றேன், கம்பெனியை விட்டு நின்றதிலிருந்தே இருக்கும் என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். "ஒண்ணு கேக்குதுல்ல, அது போதாதா" என்றார். மறைத்துப் பேசவில்லை பட்டாணி, நிஜமாகவே அவருக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. நான் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றேன். சாப்பாட்டு மேசை சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, என் நாற்காலி அவருக்கு வலப்பக்கம். சோபாவில் ஜன்னல் பக்கம் நான், அவருக்கு வலப்பக்கம். கட்டிலில் அலமாரி ஓரம் நான், வலப்பக்கம், போதாததற்கு அவர் நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு தூங்குகிறவர். திரும்பி வந்து அவருக்கு வலப்பக்கம் பின்னால் நின்று, உங்களைத்தான், காபி வேணுமா என்றேன். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் வந்து அதே குரலில் அதையே கேட்டேன். "அரை டம்ளர் போதும்" என்றார். பதினெட்டு வருஷமாக ஊரார் காதையெல்லாம் தொட்டுப் பார்த்துக் கண்ணாடி மாட்டுகிறவள் நான். ஒருவர் உள்ளே நுழையும்போதே எந்தக் காது ஒரு நூல் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இவருக்கும் கண்ணாடி மாட்டியது நான்தான்.

இனி எழுதப்போவதை உனக்கு இதுவரை நான் சொன்னதில்லை. கோபப்படாதே, எல்லாம் முடிந்துபோன விஷயம், எனக்கு இப்போது ஒன்றுமில்லை, அதை முதலில் மனசில் வைத்துக்கொண்டு படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. யாரிடமும் சொல்லாமல் கடைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு வாங்க என்றார்கள். அன்றைக்கு உன் அப்பாவும் நானும் கடை வாசலில் சந்தித்து ஒன்றாக வீட்டுக்குத் திரும்புவதாக இருந்தது. பஸ்ஸில் வழக்கம்போல ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தார், அன்றைக்கும் அவருக்கு வலப்பக்கம்தான் நான். கூட்டம், நான்கு பேர் காதில் விழாமல் சொல்ல வேண்டுமே என்று தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னேன், மார்ல ஒரு கட்டி இருக்காம், ஊசி போட்டு எடுத்துப் பார்க்கணுமாம், பயமா இருக்கு என்று. அவர் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு நிறுத்தம் போயிற்று. பிறகு, "இறங்குறப்போ பால் வாங்கணும்" என்றார்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான் இந்த மனுஷன் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். அடுத்த வாரம் தனியாகப் போனேன், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு வண்டியை நிறுத்தப் போயிருக்கிறார் என்று பொய் சொன்னேன். முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவர் செய்தித்தாள் படித்தார், டிவி பார்த்தார், உப்புக் குறைச்சல் என்றார். வெறும் கொழுப்புக் கட்டி என்று வந்தது. சந்தோஷப்பட வேண்டிய அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு அதிகமாக வெறுப்பு வந்தது, அதைச் சொல்லக்கூட எனக்கு ஆள் இல்லையே என்று. நீ தூரத்தில் இருக்கிறாய், உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். தெரிந்தும் பாலைப் பற்றிப் பேசியவர் என்றுதான் இரண்டு வருஷம் அவருக்குச் சோறு போட்டேன்.

இயர்போனைக் காது மாற்றிப் பார்த்த மறுநாளே அவரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். இடது காதுக்கு டைப் அடிக்கிற மாதிரி அழுத்தினார். வலது காதுக்கு மாற்றியதும் விரலைப் பொத்தான்மேல் தயாராக வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. டாக்டர் பாதி அழுக்கு, பாதி இயந்திரம் என்றார், அந்த வெட்டு இயந்திரம் எப்போதும் வலப்பக்கம்தான் இருக்குமாம். அழுக்கை எடுத்ததிலேயே கொஞ்சம் திறந்திருக்கிறது, மிச்சத்துக்கு ஒரு கருவி மாட்டினால் நன்றாகவே கேட்கும் என்று நம்பிக்கையாகச் சொன்னார். அளவு எடுத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் வரும். காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காலும் இந்தக் கருவியும் ஒன்றோடொன்று இடிக்காமல் நான் பார்த்துக்கொள்வேன், அது என் தொழில்.

வீட்டுக்கு வந்து நாற்காலியைத் தூக்கி மேசையின் இந்தப் பக்கம், அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்து, பஸ்ஸில் சொன்னதை மறுபடி சொன்னேன். கோபமாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன், எனக்கும் சேர்த்து வைத்தது நிறைய இருக்கிறதே. அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், நான் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் அவர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார், சம்பாதிக்கிறவளுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல் என்று. அதனால் எதையும் கேட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று இருந்துவிட்டாராம். இரண்டு பேரும் எவ்வளவு கெட்டிக்காரர்கள் பார். அப்புறம், "ஊசி போட்டப்போ வலிச்சுதா?" என்றார். வலித்தது என்றேன். "கூட யாரு இருந்தா?" என்றார். யாரும் இல்லை என்றேன். உன் அப்பா அழுது நீ பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அதை எழுதத் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "அந்த ஆஸ்பத்திரியைக் காட்டு" என்றார். எதற்கு என்றேன், செருப்பைப் போட்டார். போனோம். விடுமுறை நாள், மூன்றாவது மாடி நடையில் ஆளே இல்லை, சுவரோரம் வரிசையாக நீல நாற்காலிகள். "எந்த நாற்காலி?" என்று கேட்டார். கடைசியிலிருந்து இரண்டாவது என்று காட்டினேன். என்னை அதில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் அவருடைய நல்ல காதுப் பக்கம் வருகிற மாதிரி பார்த்து அடுத்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்த வழியாகப் போன நர்ஸம்மா நின்று, இன்னைக்கு டாக்டர் இல்லையே, டோக்கன் இருக்கா என்று கேட்டார். உன் அப்பா எழுந்து நின்று, "இல்லைம்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்திருக்க வேண்டியவன். கொஞ்ச நேரம் இவ கூட உட்கார்ந்துட்டுப் போயிடறேன்" என்றார். அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, சரி உட்காருங்க என்று ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குக் கதை சொல்ல மாட்டேன். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறார், இரண்டு காதும் நன்றாக இருந்த காலத்திலும் போட்டவர்தான். சில நாள் அந்த ஒன்பது நாள் ஞாபகம் வந்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் நடுவில் நிறுத்தி, "என்ன சொன்னே, மறுபடி சொல்லு" என்கிறார். இரண்டு வருஷத்தில் வலப்பக்கம் சொன்னதையெல்லாம் தினம் கொஞ்சமாக இடப்பக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கடைக்கு வந்த சண்டைக்காரியைப் பற்றிச் சொன்னால் இரண்டு வருஷம் பழைய செய்திக்கு இன்றைக்குச் சிரிக்கிறார். காது பரிசோதிக்கிற பெண், போனில் ஒரு மாற்றம் செய்தால் இரண்டு பக்கக் குரலும் ஒரே காதில் சேர்ந்து கேட்கும் என்று காட்டிக்கொடுத்தாள். கடிகாரக் கதையின் கடைசிப் பகுதியை அப்படிக் கேட்டோம். அடுத்த கதைக்கு அவரே அதைப் பழையபடி மாற்றச் சொல்லிவிட்டார், முழுசாகக் கேட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது என்று. கடிகாரத்தை எடுத்தது யார் என்று உனக்குச் சொல்ல மாட்டேன், நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள். மேலே இருப்பதைத் தொடாதே, கீழே போய் முதல் பகுதியிலிருந்து ஆரம்பி.

ஆக, டிக்கெட் போய் வருகிறதாகப் போடு, இரண்டாகப் போடு, பக்கத்துப் பக்கத்து இருக்கையாக. அவருக்குக் கம்பளிச் சட்டை நான் வாங்கிக்கொள்கிறேன். ஒரு மாதம் இருப்போம், திரும்பி வந்துவிடுவோம். உன் அறையும் திரைச்சீலையும் வீணாகிவிட்டதே என்று வருத்தப்படாதே, என் மகள் எனக்காக ஓர் அறை வைத்திருக்கிறாள் என்கிற தைரியத்தில்தான் இந்த ஆறு மாதத்தைத் தள்ளினேன்.

நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து, நோய் நொடியில்லாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்றை மறக்காதே. எனக்கு வந்த மாதிரி கட்டி உனக்கும் வரலாம், வராமலும் போகலாம், வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள். போகும்போது தனியாகப் போகாதே. மாப்பிள்ளையிடம் சொல், பஸ்ஸில் வைத்துச் சொல்லாதே, எதிரில் உட்கார வைத்துச் சொல். அவர் பதில் சொல்லவில்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, என் கண்ணே, இன்னொரு தடவை சொல்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா